ஏழு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் தீ

1/24 அளவு மாடல் காரைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். கண்ணுக்கும் காருக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. இருக்கும். அதை 24-ஆல் பெருக்கினால் 7.2 மீட்டர். நிஜக் காரை ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிற தூரம் அது. மாடல் காரில் தீ வரைய உட்காருகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான் என்பது என் கட்சி. பலர் இதைப் போடுவதில்லை. பானெட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பவர்போல வரைகிறார்கள். நாக்குக்கு நாக்கு ஓரக்கோடு, கோட்டுக்குக் கோடு வெள்ளைப் பளபளப்பு, போதாததற்கு நாலா பக்கமும் தீப்பொறி. மேக்ரோ லென்ஸில் எடுத்த படத்தில் பிரமாதமாக இருக்கும். அதே காரை மேசையில் வைத்து நாற்காலியில் சாய்ந்து பார்த்தால், வெயிலில் உருகி வழிந்த ஆரஞ்சு மிட்டாய் மாதிரி தெரியும்.

காரில் தீ வரைவதில் இரண்டு பரம்பரை உண்டு. முதலாவது 1950-களின் கலிஃபோர்னியா ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) பாணி. வான் டச், எட் ராத், டீன் ஜெஃப்ரீஸ் போன்ற கார் ஓவியர்கள் பேர் வாங்கிய காலம். முன் கிரில்லில் மஞ்சளாகத் தொடங்கி, ஆரஞ்சாகி, கதவுப் பக்கம் சிவப்பாகக் கூர்ந்து முடியும் நீள நீளமான நாக்குகள். டேப் ஒட்டி, வெட்டி, ஸ்பிரே அடித்து, கடைசியில் ஓரத்தில் மெல்லிய கோடு இழுப்பார்கள். அது தீயைப் போல இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கோலம் எப்படிப் பூவின் நகல் இல்லையோ அப்படித்தான் இதுவும்.

இரண்டாவது, நிஜத் தீ. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்காரரான மைக் லாவலீ இதைப் பரவலாக்கினார். ‘ட்ரூ ஃபயர்’ என்ற பெயரில் அவர் வடிவமைத்த டெம்ப்ளேட்டுகளை (தீ வளைவுகள் வெட்டிய தகடுகள்) ஆர்ட்டூல் நிறுவனம் விற்கிறது. இந்த முறையில் நாக்குகளுக்கு டேப் கிடையாது, ஓரக்கோடும் கிடையாது. கறுப்பின் மேல் ஏர்பிரஷ்ஷால் (காற்றால் பெயிண்ட்டைத் தூவும் பேனா போன்ற கருவி) வெறுங்கையிலும் டெம்ப்ளேட் வைத்தும் அலைகளைப் போட்டு, மேலே கண்ணாடி போன்ற கேண்டி வண்ணம் அடித்து, மறுபடி அலை, மறுபடி கேண்டி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இன்று மாடல்காரர்கள் ‘ரியலிஸ்டிக் ஃபிளேம்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நான் சொல்லப்போவதும் இதைப் பற்றித்தான். முதல் வகைக்குப் பொறுமையும் 1 மி.மீ. டேப்பும் போதும்.

எங்கள் ஊர்ப்பக்கம் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. சர்க்கார் காகிதமெல்லாம் மலையாளத்தில் வரும், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில் நடக்கும். ஒரு பக்கம் போனால் வேலந்தாவளம் செக்போஸ்ட், இன்னொரு பக்கம் போனால் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி. ஹாட் ராட் கார் ஒன்றைக்கூட இங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வண்டி உடம்பில் தீயைப் பார்த்து வளராதவர்களும் இங்கே இல்லை. கேரள டூரிஸ்ட் பஸ்கள் இருந்தனவே! புலி, கழுகு, டிராகன், சினிமா நடிகர், அவர் தலைக்குப் பின்னால் கொழுந்துவிடும் நெருப்பு. பாதி ஸ்டிக்கர்தான் என்றாலும் மீதி பெயிண்டர் கை.

2022-இல் கேரளத்தில் காண்ட்ராக்ட் கேரியேஜ் (மொத்தமாக வாடகைக்கு எடுக்கிற) பஸ்களுக்கெல்லாம் வெள்ளை நிறம் கட்டாயமானது. அந்த ஆண்டு அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே ஒரு டூரிஸ்ட் பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பிறகு கெடுபிடி இறுகிவிட்டது. கொன்றது வேகம்தானே, பெயிண்ட்டா என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைகளின் படம் பேப்பரில் வந்த வாரத்தில் அதைக் கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது எங்கள் ரோட்டில் போகிற டூரிஸ்ட் பஸ்களெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவர்போல வெள்ளை.

அந்தப் பஸ்களுக்குத் தீ வரைந்த ஒருவரை எனக்குத் தெரியும். பொள்ளாச்சி ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். தொழில் பழகியது கரூரில், பஸ் பாடி கட்டுகிற பட்டறையில். பெயிண்டர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் வேலை செய்யும்போது ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். ஒரு கோட்டிங் முடிந்ததும் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி, எதிரே இருக்கும் புளியமரத்தடியில் போய் நிற்பார். பீடி பற்றவைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்ப்பார். திரும்பி வந்து எங்கேயாவது கொஞ்சம் கறுப்பு அடிப்பார். தீ சேர்ப்பதைவிடத் தீயை அணைப்பதுதான் அதிகம்.

“ஏனுங்ண்ணா, இத்தனை நேரம் வரைஞ்சதையே அழிக்கறீங்களே?” என்று கேட்டேன்.

“கிட்ட நின்னு பாத்தா எல்லாமே வேணும்னுதான் தோணும் சாமி. பஸ்ஸை எவன் கிட்ட நின்னு பாக்கறான்?”

மாடலுக்கு இது அப்படியே பொருந்தும். இதில் ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. நல்ல கண் ஏழு மீட்டர் தூரத்தில் சுமார் 2 மி.மீ. விவரத்தைப் பிரித்துப் பார்க்கும். மாடலில் அது 0.1 மி.மீ.க்கும் கீழே. 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளியே வரும் துளை) போட்ட ஏர்பிரஷ்ஷில், நிதானமான கையோடு, நம்பி இழுக்கக்கூடிய கோடு அரை மி.மீ. இருக்கும். அதை 24-ஆல் பெருக்கினால் 12 மி.மீ., ஒரு விரல் அகலம். ஆக, நம்மால் இழுக்க முடிந்த மிக மெல்லிய கோடே நிஜக் காரில் விரல் தடிமன் ஆகிவிடுகிறது. நிஜக் காரில் பத்து இழை ஓடுகிற இடத்தில் நமக்கு மூன்றுக்குத்தான் இடம். எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலையே. 0.2 மி.மீ. நாசில் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: கோடு கொஞ்சம் மெலியும், அடைப்பு நிறையக் கூடும்.

தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தீ எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கார்த்திகை தீபத்தன்று முருகன் கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவார்கள். இருட்டில், காய்ந்த பனையோலை ஆள் உயரத்துக்கு மேலே எரியும். இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் கண்ணால் பாருங்கள், போனால் எடுத்த படத்தை நம்பி வரையாதீர்கள். போன் சுற்றியிருக்கும் இருட்டுக்காக வெளிச்சத்தைக் கூட்டும், தீயின் நடுப்பகுதி வெள்ளைப் பட்டையாகிவிடும். மாடல் கார்களில் பார்க்கிற அந்த வெள்ளை வயிறு கொண்ட தீ முக்கால்வாசி இப்படிப் பிறந்ததுதான். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் திரையில் தீயைத் தொட்டு, வெளிச்சத்தை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு எடுங்கள்.

ஓலைத் தீயின் மஞ்சளுக்குக் காரணம் கரி. முழுதாக எரியாத நுண்ணிய கார்பன் துகள்கள் சூட்டில் ஒளிர்கின்றன. மேலே போகப் போகச் சூடு குறைந்து ஆரஞ்சு, சிவப்பு, அப்புறம் வெறும் புகை. இது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது இன்னொன்று: தீ நாக்கு உள்ளே நிரம்பியிருப்பதில்லை. ஆவியும் காற்றும் சந்திக்கிற மெல்லிய படலத்தில்தான் எரிதல் நடக்கிறது. அந்தப் படலத்தை நேராகப் பார்க்கும்போது மங்கலாகவும், விளிம்பில் பக்கவாட்டாகப் பார்க்கும்போது அடர்த்தியாகவும் தெரியும். அதனால் நாக்கின் ஓரம் பிரகாசம், நடு மங்கல். நாம் இயல்பாக வரைவது இதற்கு நேர் எதிர்: நடுவில் பிரகாசமாக அடித்து ஓரத்தை மங்கவிடுவோம். ஏர்பிரஷ்ஷின் குணமே அப்படி. சும்மா அழுத்தினால் நடு அடர்ந்து ஓரம் கரையும் ஒரு புள்ளிதான் விழும். அந்தக் குணத்தோடு சண்டை போடுவதற்குத்தான் டெம்ப்ளேட்.

கடையில் விற்கும் டெம்ப்ளேட் பெரிய வண்டிக்கானது. அதன் வளைவு 1/24 பானெட்டைவிடப் பெரியது. பழைய எக்ஸ்ரே பிலிமை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கூர்மையான கத்தியால் நீங்களே வளைவுகள் வெட்டிக்கொள்ளலாம். பெயிண்டர் அண்ணன் கொட்டகையில் நம்பர் எழுதுகிற ஸ்டென்சில் எல்லாமே எக்ஸ்ரே பிலிம்தான், யாருடைய முட்டி எலும்போ சுவரில் தொங்கும். பிலிமை உடம்பில் ஒட்டிப் பிடித்தால் கத்தி விளிம்பு கிடைக்கும், 2 மி.மீ. தூக்கிப் பிடித்தால் மெத்தென்ற விளிம்பு. ஒரு முனையை ஒட்டி, மறுமுனையைத் தூக்கிப் பிடியுங்கள். ஒரே இழுப்பில் கூர்மையில் தொடங்கிப் புகையில் முடியும் நாக்கு வரும். ஒரே வளைவை அடுத்தடுத்து இரண்டு தடவை பயன்படுத்தக் கூடாது, கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இனி அடுக்குகள். நான் பயன்படுத்துவது டாமியா அக்ரிலிக். எக்ஸ், எக்ஸ்எஃப் என்று வருவதெல்லாம் அதன் பெயிண்ட் எண்கள். வேறு கம்பெனியிலும் இதே வரிசை நடக்கும்.

உடம்பை பிரைமர் அடித்து, 1500 வாட்டர் பேப்பரால் தேய்த்து, கறுப்பு அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். அதன்மேல் முதல் அலை: எக்ஸ்எஃப்-3 மஞ்சளில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-7 சிவப்பு கலந்த மங்கலான ஆரஞ்சு. பால் பதத்துக்கும் தண்ணியாக, தின்னர் தாராளமாக விட்டு, 12 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில், உடம்பிலிருந்து ஓரிரு செ.மீ. தூரத்தில். இரட்டை இயக்க ஏர்பிரஷ் இல்லாமல் இதை முயல வேண்டாம். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட் என்று தனித்தனியே வர வேண்டும். காற்று ஓடிக்கொண்டே இருக்க, கையும் நகர்ந்துகொண்டே இருக்க, நடுவில் மட்டும் பெயிண்ட்டைத் திறந்து மூட வேண்டும். நாக்கின் இரு முனையும் கரைவது அதனால்தான். பழகுவதற்குக் கறுப்பு அடித்த பிளாஸ்டிக் ஸ்பூன் நல்லது, ஃபெண்டர் (டயருக்கு மேலுள்ள தகடு) மாதிரியே வளைந்திருக்கும்.

இந்த முதல் அலை பார்க்கச் சகிக்காது. அழுக்கு ஆரஞ்சுப் புகை மாதிரி இருக்கும். அதன்மேல் எக்ஸ்-27 கிளியர் ரெட்டை மெல்லிய பனியாக அடித்ததும் கதை மாறும். இங்கேதான் இந்தக் கலையின் மொத்தத் தந்திரமும் இருக்கிறது. கிளியர் வண்ணம் ஒளியை மறைப்பதில்லை, வடிகட்டி அனுப்புகிறது. கீழே ஆரஞ்சு இருந்தால் அதில் பட்டுத் திரும்புகிற ஒளி சிவந்து வரும். கீழே கறுப்பு இருந்தால் திரும்ப ஒளியே இல்லை, அதனால் அங்கே அடித்த சிவப்பு ஏறக்குறைய காணாமலே போய்விடும். எனவே கோட்டைத் தாண்டி அடித்துவிட்டோமே என்ற பயம் தேவையில்லை. தீ இருக்கிற இடத்தில் மட்டும் வண்ணம் பிடித்துக்கொள்ளும், இல்லாத இடத்தில் இருட்டு அதை விழுங்கிவிடும். ஓரங்கள் தாமாகவே கறுப்புக்குள் கரையும்.

அடுத்து இரண்டாவது அலை, கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக. முதல் அலையின் மேலேயே போகக் கூடாது, அதை வெட்டிக் குறுக்கே போக வேண்டும். முதல் அலையில் பாதி அளவு போதும். மேலே எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு. முதலில் போட்டவை இப்போது இரண்டு வடிகட்டிக்குக் கீழே போய்விட்டதால் அவை தொலைவில் எரிவதாகத் தெரியும், புதியவை முன்னால் எரியும். ஆழம் என்பது இப்படிக் கிடைப்பதுதான், நிழல் போட்டுக் கிடைப்பதல்ல. மூன்றாவதாக, வெளிர் மஞ்சளில் சில நாக்குகள் மட்டும். இரண்டு அலைகள் முட்டிக்கொள்ளும் மடிப்புகளில், டயர் வளைவின் விளிம்பில். மேலே எக்ஸ்-24 கிளியர் எல்லோ, ஒரே ஒரு தடவை. சுத்த வெள்ளையை நான் டப்பாவிலிருந்து திறப்பதே இல்லை. தீப்பொறியும் போடுவதில்லை. ஊசி முனைப் பொறி 24 மடங்கானால் தேங்காய்ச் சில்லு அளவுக்கு எரிகிற கங்கு.

ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காரை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்க்க வேண்டும். நமக்குப் புளியமரம் அவ்வளவு பக்கத்தில்தான். பார்த்ததும் கறுப்பை நிரப்பிக்கொண்டு திரும்ப வாருங்கள். எவ்வளவு கறுப்பு மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்டால், தீ தொடங்குகிற முன்பக்கத்தில்கூட மூன்றில் ஒரு பங்கு என்பேன். கதவைத் தாண்டினால் முக்கால்வாசி கறுப்பாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் காற்று அனுமதித்தால். நாங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத்தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிற இடம் இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சந்து வழியாக நெரிந்துகொண்டு கிழக்கே போகும். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துக் காற்றாலைகளெல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி எப்படியோ உள்ளே வரும், கிளியர் கோட்டில் வந்து உட்காரும். கொட்டகையில் ஸ்பிரே அடிக்கும் முன் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். வீட்டிலும் அதே வைத்தியம்தான், கூடவே மின்விசிறியை நிறுத்துவது, விடியற்காலையில் வேலையை முடிப்பது.

அந்த மாதங்களில் காற்றில் ஈரமும் அதிகம். கம்ப்ரசரில் நெருக்கப்படும் காற்றிலிருந்து ஈரம் தண்ணீராகப் பிரிந்து குழாய் வழியாக வந்து, அழகாக வந்துகொண்டிருக்கும் நாக்கின் நடுவில் ஒரு சொட்டு விழும். குழாயில் தண்ணீர் பிரிப்பான் இல்லாமல் இந்தப் பக்கம் வேலையே நடக்காது. என்.சி. லாக்கர் என்ற வேகமாகக் காயும் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு சாம்பல் பூத்துவிடும். மெதுவாகக் காயும் தின்னர் கலந்தால் குறையும். மார்கழி, தை வந்தால் நிலைமை தலைகீழ். கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும், அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்து கட்டியாகும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் முனையைத் துடைக்க வேண்டும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்க்க வேண்டும். எனக்குப் பிடித்த மாதங்கள் பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்.

ஒரு காரை முடித்துப் பெயிண்டர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெர்க்குரி என்ற அமெரிக்கக் கார், கறுப்பு, 1950-களின் உடம்பு. கையில் வாங்கவில்லை. கொட்டகைத் திண்டில் வைக்கச் சொல்லி, நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தார்.

“வண்டி ஓடுதா, நிக்குதா?”

“ஓடற மாதிரிதானுங்ண்ணா வரைஞ்சது.”

“அப்பக் கண்ணாடிகிட்ட ஏன் தீ இப்படிப் படுத்துக்கிடக்குது? காத்து கண்ணாடியில முட்டி மேல ஏறோணுமில்ல. டயருக்குள்ளாற பூந்தது வெளிய சுத்திக்கிட்டு வரோணும்.”

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். தீயை வரைவதற்கு முன் காற்றை வரைந்துகொள்வது. வெள்ளைப் பென்சிலால், பானெட் விளிம்பிலிருந்து காற்று எப்படி வழுக்கும், எங்கே முட்டும், எங்கே சுழலும் என்று மெல்லிய அம்புகள். நாக்குகள் அந்த அம்புகள் வழியே போகும். இடமும் வலமும் ஒரே மாதிரி வேண்டியதில்லை. ஹாட் ராட் நாக்குகளுக்குத்தான் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

நீலத் தீ பற்றியும் கேட்பார்கள். கிளியர் ப்ளூ போட்டு இதே வரிசையில் வரையலாம், வரைகிறார்கள். எனக்கு அது கேஸ் அடுப்பு ஞாபகம். அதில் கரித்துகள் ஒளிர்வதில்லை. காற்று நன்றாகக் கலந்து எரிகிற தீ அது, அடங்கி ஒடுங்கி இருக்கும். அதைப் பனையோலைத் தீயின் வடிவத்தில் காரின் நீளத்துக்கும் விரித்து வைத்தால் கண் ஒப்புக்கொள்வதில்லை. மெட்டாலிக் துகளும் அப்படித்தான்: நிஜக் கார் பெயிண்ட்டின் துகள் 1/24-இல் ஜல்லிக்கல்.

கடைசியாகக் கிளியர் கோட். கண்ணாடிப் பளபளப்புக்குப் பலர் கார் பட்டறையின் டூ-கே கிளியரை (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கிறது) வாங்கி அடிக்கிறார்கள். பளபளப்பில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடிய சாமான், கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு அடிக்கிற விஷயமில்லை. துணி மாஸ்க், கொரோனா மாஸ்க் எதுவும் அதற்கு உதவாது. நல்ல காற்றோட்டமும் தகுந்த சுவாசக் கவசமும் இல்லாதவர்கள் எக்ஸ்-22 கிளியரை மெல்லிய கோட்டுகளாக அடித்துக்கொள்ளலாம். அதையும் வெளியே காற்று போகிற ஜன்னல் பக்கம் வைத்துத்தான். முதல் இரண்டு கோட்டு வெறும் தூறலாக இருக்கட்டும். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் அதிலிருக்கும் தின்னர் கீழே உள்ள கிளியர் ரெட்டைக் கரைத்து ஓடவிடும்.

அப்புறம் ஒரு வாரம் தொடாமல் மூடி வையுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகியதும், 3000 பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்யலாம். விளிம்புகளில் தேய்க்க வேண்டாம், அங்கேதான் பெயிண்ட் மிக மெல்லிசு. கண்ணாடி, பம்பர், வைப்பர் எல்லாம் அதற்குப் பிறகு ஒட்டினால் போதும்.